க்ளோஸ்டு லூப் ஸ்டெப்பர் போர்டு: காலிப்ரேஷன் ஏன் தவறுகிறது?

நெமா 17 ஸ்டெப்பர் மோட்டாரின் பின்புறத்தில் திருகி மாட்டும் க்ளோஸ்டு லூப் டிரைவர் போர்டுகள் இப்போது 3டி பிரின்டர், சிறிய சி.என்.சி. ரூட்டர், லேசர் வெட்டும் இயந்திரம் எனப் பல இடங்களுக்கும் வந்துவிட்டன. போர்டை மாட்டியதும் செய்ய வேண்டிய முதல் வேலை காலிப்ரேஷன். பலரும் தடுமாறுவது அங்கேதான். சிலருக்குத் தொடங்கிய உடனே பிழைச் செய்தி வந்து நின்றுவிடுகிறது. சிலருக்கு வெற்றி என்று காட்டிவிட்டு, அடுத்த நொடியே மோட்டார் பிடியில்லாமல் சுழல்கிறது. இன்னும் சிலருக்குக் கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடி, பிறகு திடீரென்று திணறத் தொடங்குகிறது. மூன்று பேருக்கும் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: மறுபடி காலிப்ரேட் செய்து பாருங்கள்.

இந்த யோசனையை நான் ஏற்கவில்லை. காலிப்ரேஷன் ஓர் அளவீடு. மோட்டார், காந்தம், கம்பி இணைப்பு, மின்சப்ளை ஆகிய நான்கையும் ஒரே ஓட்டத்தில் சோதிக்கும் அளவீடு அந்த போர்டில் வேறு எதுவும் கிடையாது. அது தோற்றால் நான்கில் எது கெட்டிருக்கிறது என்பது பெரும்பாலும் அதன் எண்களிலேயே இருக்கும். எண்களைப் பார்க்காமல் பொத்தானை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்தினால், என்றாவது ஒருமுறை தற்செயலாகத் தேறிவிடும். அப்படித் தேறிய அளவீட்டோடு ஓடும் இயந்திரம், தேறாமல் நின்ற இயந்திரத்தைவிடத் தொல்லை தரும்.

ஸ்டெப்பர் மோட்டாரோடு நிலையறியும் உணரியைச் சேர்ப்பது தொழிற்சாலைகளுக்குப் புதிதல்ல. ஜப்பானின் ஓரியண்டல் மோட்டார் ஆல்பா ஸ்டெப் என்ற பெயரிலும், சீனாவின் லீட்ஷைன் ஈஸி சர்வோ என்ற பெயரிலும் இத்தகைய மோட்டார்களை நெடுநாளாக விற்கின்றன. வீட்டு மேசையில் வேலை செய்பவர்களுக்கு இதைக் கொண்டுவந்தது 2016இல் டிராபிக்கல் லேப்ஸ் கிக்ஸ்டார்ட்டர் மூலம் வெளியிட்ட மெக்காடுவினோ. சுற்று வரைபடமும் ஃபர்ம்வேரும் திறந்தே கொடுக்கப்பட்டன. அதன் பிறகு அதே அமைப்பில் பல போர்டுகள் வந்தன: மிஸ்ஃபிட் டெக்கின் ஸ்மார்ட் ஸ்டெப்பர், ஷென்ஜென் நகரத்து பிக்ட்ரீடெக்கின் எஸ்42பி, குவாங்சோவின் மேக்கர்பேஸ் தரும் எம்.கே.எஸ். சர்வோ42 வரிசை. சில்லுகள் வேறுபட்டாலும் அடிப்படை மாறவில்லை. ஷாஃப்டின் பின்முனையில் ஒரு சிறு காந்தம், அதற்கு நேர் எதிரே கோணத்தைப் படிக்கும் என்கோடர் சில்லு, காயில்களுக்கு மின்னோட்டம் கொடுக்கும் எச் பிரிட்ஜ், கணக்கிட ஒரு மைக்ரோகன்ட்ரோலர்.

ஐம்பது மடங்கு

இதில் காலிப்ரேஷன் எதற்கு என்பதை மோட்டாரின் பல் எண்ணிக்கையிலிருந்து தொடங்கினால்தான் புரியும். 1.8 டிகிரி ஹைப்ரிட் ஸ்டெப்பரின் ரோட்டரில் 50 பற்கள் உண்டு. ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் காயில் மின்னோட்டம் 50 முறை முழு அலையாக ஏறி இறங்கிவிடுகிறது. ஷாஃப்ட் ஒரு டிகிரி திரும்பினால், மின்கோணம் 50 டிகிரி மாறுகிறது. க்ளோஸ்டு லூப் போர்டு ரோட்டர் நிற்கும் இடத்தைப் படித்து, அதிலிருந்து மின்கோணத்தில் 90 டிகிரி முன்னோ பின்னோ காந்தப்புலத்தை நிறுத்துகிறது. அந்த இடத்தில்தான் முறுக்குவிசை உச்சம்.

ஆகவே என்கோடர் செய்யும் பிழையும் 50 மடங்காகிறது. முறுக்குவிசை அந்த மின்கோணப் பிழையின் கொசைனைப் பொறுத்தது. ஷாஃப்டில் அரை டிகிரி பிழை என்றால் மின்கோணத்தில் 25 டிகிரி. முறுக்குவிசையில் 9 சதவீதம் போகிறது. ஒரு டிகிரி என்றால் 36 சதவீதம் போகிறது. 1.8 டிகிரியில் முறுக்குவிசை பூஜ்யம். அதைத் தாண்டினால் விசை எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும். போர்டு பிழையைக் குறைக்க முயல, மோட்டார் அதைப் பெருக்க, இரண்டும் ஒன்றையொன்று தூண்டி ஷாஃப்ட் முழு வேகத்தில் ஓடத் தொடங்கும். "வெற்றி" என்று காட்டிய பிறகும் மோட்டார் கட்டவிழ்ந்து சுழல்வதன் விளக்கம் பெரும்பாலும் இதுதான். பலர் இதைக் கட்டுப்பாட்டு நிரலின் பி.ஐ.டி. எண்களின் குற்றம் என்று நினைத்து அங்கே நாள் கணக்கில் தடவிக்கொண்டிருக்கிறார்கள். முறுக்குவிசையின் குறியே தலைகீழாக இருக்கும்போது எந்த பி.ஐ.டி. எண்ணும் உதவாது.

இந்தக் கண்டிப்புக்கு முன்னால் காந்த என்கோடர்கள் அவ்வளவு நல்லவை அல்ல. ஏ.எஸ்.5047டி போன்ற 14 பிட் சில்லு ஒரு சுற்றை 16384 எண்களாகப் பிரித்துத் தருகிறது. ஓர் எண்ணுக்கு 0.022 டிகிரி. நுணுக்கம் அவ்வளவு இருந்தும் துல்லியம் வேறு கதை. காந்தம் மையம் தவறி ஒட்டப்பட்டாலோ, சாய்ந்திருந்தாலோ, காந்தத்தின் புலமே ஒழுங்கற்று இருந்தாலோ, படிக்கும் கோணம் உண்மைக் கோணத்திலிருந்து ஒரு சுற்றுக்குள் மெல்ல விலகி மெல்லத் திரும்பி வரும். நன்றாகப் பொருத்தினாலும் 0.8 டிகிரி அளவு விலகல் வியப்பில்லை. மின்கோணத்தில் அது 40 டிகிரி. இந்த விலகலை எடுத்துவிடத்தான் காலிப்ரேஷன் எழுதும் திருத்த அட்டவணை தேவைப்படுகிறது.

அட்டவணை உருவாகும் விதம் எளிது. போர்டு என்கோடரை நம்பாமல், சாதாரண ஸ்டெப்பர் டிரைவர் போல மோட்டாரை ஒவ்வொரு முழுப் படியாக நகர்த்துகிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று, ரோட்டர் அடங்கியதும் என்கோடரைப் பலமுறை படித்துச் சராசரி எடுக்கிறது. 200 படிகளுக்கு 200 எண்கள். இரண்டு எண்களுக்கு இடைப்பட்டதை நேர்கோட்டில் நிரப்பி, 16384 எண்களுக்கும் சரியான கோணம் எது என்று ஓர் அட்டவணை எழுதிக்கொள்கிறது. மெக்காடுவினோவில் ஒவ்வொரு பதிவும் 4 பைட். மொத்தம் 64 கிலோபைட். அதன் மைக்ரோகன்ட்ரோலரில் ரேம் 32 கிலோபைட்தான். எனவே அட்டவணை 256 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகத்தில்தான் உட்கார முடியும். ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றியதும் மோட்டார் பைத்தியம் பிடித்தாற்போல் ஆடுவதற்கு இங்கேதான் காரணம். நிரலோடு சேர்ந்து பழைய அட்டவணையும் அழிந்திருக்கும். அந்த ஒரு சமயத்தில் மறுபடி காலிப்ரேட் செய்வதுதான் சரியான மருந்து.

இந்த முறையில் அளவுகோல் மோட்டார்தான். வெளியிலிருந்து துல்லியமான கோணமானி எதுவும் வருவதில்லை. ஸ்டெப்பர் படிகளின் பிழை வழக்கமாக ஒரு படியில் கூட்டல் கழித்தல் 5 சதவீதம், அதாவது 0.09 டிகிரி, அது படிக்குப் படி சேர்ந்துகொண்டே போவதில்லை. மின்கோணத்தில் 4.5 டிகிரி. மின்னோட்டத்தைத் திசைப்படுத்த இது தாராளமாகப் போதும். ஆனால் காலிப்ரேட் செய்துவிட்டதால் ஷாஃப்டின் இடம் நூறில் ஒரு டிகிரிக்குச் சரியாகிவிட்டது என்று விளம்பரம் சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

கம்பியும் கரண்டும்

தோல்விகளில் எளிதானவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். நான்கு கம்பிகளில் எந்த இரண்டு ஒரே காயில் என்பதை மல்டிமீட்டர் சொல்லிவிடும்; ஒரே காயிலின் இரு முனைகளுக்கு இடையே சில ஓம், மற்றவற்றுக்கு இடையே தொடர்பே இருக்காது. கம்பியின் நிறத்தை நம்பக் கூடாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு நிறவரிசை வைத்திருக்கிறார்கள். கனெக்டர் வரிசையும் அப்படியே. காயில்கள் கலந்து மாட்டப்பட்டால் ஷாஃப்ட் நடுங்கும், முன்னேறாது. ஒரு காயில் மட்டும் அறுந்திருந்தால் படிகளுக்கு இடையே சில இடங்களில் அசைவே இருக்காது, சில இடங்களில் இரட்டைத் தாவல் முன்னோ பின்னோ நடக்கும்.

காயில்கள் சரியாக இருந்து திசை மட்டும் தலைகீழ் என்றால், மோட்டார் ஒரு பக்கம் போக என்கோடர் எண் மறுபக்கம் போகும். மெக்காடுவினோ இதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, கம்பி தலைகீழ் என்று சொல்லி நின்றுவிடும். எம்.கே.எஸ். திரையில் ஃபேஸ் லைன் பிழை என்று வரும். அந்தச் செய்தி மின்சப்ளை போதாதபோதும் வரலாம். திருத்தம்: ஒரே ஒரு காயிலின் இரண்டு கம்பிகளை இடம் மாற்றுவது. இரண்டு காயிலிலும் மாற்றினால் திசை பழையபடியே வந்து நிற்கும். இது தெரியாமல் எல்லாக் கம்பியையும் மாற்றிப் பார்த்துவிட்டு போர்டு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.

மின்சப்ளையில் அடிக்கடி நடப்பது, யு.எஸ்.பி. மட்டும் செருகியிருப்பது. மைக்ரோகன்ட்ரோலரும் என்கோடரும் அந்த 5 வோல்ட்டில் உயிரோடு இருக்கும், கட்டளைகளுக்குப் பதில் சொல்லும். மோட்டாருக்குத்தான் 12 அல்லது 24 வோல்ட் இருக்காது. 200 வாசிப்பும் ஒரே எண்ணாக வரும். அதைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். வெறும் "தோல்வி" என்ற சொல்லைப் பார்த்தால் தெரியாது.

என்கோடர் வரிசை முழுவதும் பூஜ்யம், அல்லது முழுவதும் 16383 என்றால் சில்லோடு பேசும் தொடர்பே அறுந்திருக்கிறது: சோல்டர் சரியில்லை, அல்லது சில்லுக்கு மின்சாரம் போகவில்லை.

வந்த எண்கள் உயிருள்ளவையாக இருந்தால், அடுத்தடுத்த படிகளின் வித்தியாசத்தை எழுதிப் பார்ப்பதுதான் இந்த விஷயத்தில் ஆகச் சிறந்த சோதனை என்பது என் கருத்து. 16384ஐ 200 ஆல் வகுத்தால் 81.92. நல்ல மோட்டாரில் வித்தியாசங்கள் 82ஐச் சுற்றி ஊசலாடும். 75, 90 வரை போனால் கவலையில்லை. எங்கோ ஓரிடத்தில் 16383ஐத் தாண்டி எண் மறுபடி பூஜ்யத்துக்கு வரும்; அந்த ஒரு படிக்கு மட்டும் 16384ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். இருநூற்றின் கூட்டுத்தொகை 16384க்கு மிக அருகில் இருக்க வேண்டும். அதில் 328 குறைந்தால், ரோட்டர் ஓரிடத்தில் சரியாக நான்கு படி நழுவியிருக்கிறது. ஸ்டெப்பர் பிடி விட்டால் ஒரு முழு மின்சுற்று தள்ளித்தான் மறுபடி பிடிக்கும் என்பதால் இழப்பு நான்கின் மடங்காக வரும். மின்னோட்டம் போதவில்லை, அல்லது ஷாஃப்ட் எங்கோ தட்டுகிறது என்று பொருள். எல்லா வித்தியாசமும் 41 என்று வந்தால் கையில் இருப்பது 0.9 டிகிரி மோட்டார். 200 படி என்று எழுதப்பட்ட நிரல் அதில் அரைச் சுற்றைத்தான் அளந்திருக்கிறது.

காந்தம்

கம்பியும் கரண்டும் சரியான பிறகும் நிற்கும் தோல்விகளில் பெரும்பகுதி காந்தத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வாங்கும்போதே தவறு நேரலாம். கடையில் கிடைக்கும் வட்டக் காந்தங்களில் பெரும்பாலானவற்றின் வடதுருவம் ஒரு முகத்திலும் தென்துருவம் மறுமுகத்திலும் இருக்கும். என்கோடருக்கு வேண்டியது விட்டத்தின் குறுக்கே காந்தமேற்றியது: வட்டத்தின் ஒரு பாதி வடக்கு, மறுபாதி தெற்கு. வழக்கமான அளவு 6 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்காமல் ஷாஃப்டைக் கையால் ஒரு சுற்று சுற்றினால் தெரிந்துவிடும். எண் பூஜ்யத்திலிருந்து 16383 வரை பின்வாங்காமல் ஒரே ஒருமுறை ஏற வேண்டும். சிறு எல்லைக்குள் முன்னும் பின்னும் ஊசலாடினால் காந்தத்தின் வகை தவறு, அல்லது அது மையத்தை விட்டு வெகுதூரம் போயிருக்கிறது.

அடுத்தது தூரம். ஏ.எஸ்.5047டி எதிர்பார்க்கும் புலம் 35 முதல் 70 மில்லிடெஸ்லா. சில்லுக்குள்ளேயே புலம் கூடுதலா குறைவா என்று சொல்லும் இரண்டு கொடிகளும், தானியங்கிப் பெருக்கத்தின் அளவைச் சொல்லும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணும் இருக்கின்றன. எம்.கே.எஸ். போர்டுகளில் காந்தம் இல்லை, பலவீனம், வலு அதிகம் என்று தனித்தனிச் செய்திகளே உண்டு. வாஷர் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ போர்டின் உயரத்தை மாற்றினால் இது சரியாகும். புலம் கொஞ்சம் குறைந்தால் கோணம் தவறிவிடாது. இரண்டு அச்சுகளில் வரும் சைகைகளின் விகிதத்திலிருந்துதான் கோணம் கணக்கிடப்படுகிறது. பலவீனமான புலத்தில் நடப்பது இரைச்சல் கூடுவது. ஷாஃப்டை இறுக்கிப் பிடித்தும் கடைசி இலக்கங்கள் நிலைகொள்ளாமல் தாவினால் தூரத்தைச் சந்தேகிக்கலாம்.

மையம் தவறுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அட்டவணை மிக நன்றாகத் திருத்திவிடும் குறை இதுதான். ஒரு சுற்றுக்கு ஒருமுறையோ இருமுறையோ மெல்ல ஏறி இறங்கும் விலகலை 200 புள்ளிகள் எளிதாகப் பின்தொடரும். கால் மில்லிமீட்டருக்கு மேல் தவறியிருந்தால் மறுபடி ஒட்டலாம். அதற்குள் என்றால் அந்த நேரத்தைப் பசையின் மேல் செலவிடுவது நல்லது.

பசையைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. 6 மில்லிமீட்டர் காந்தத்தின் சுற்றளவு 18.85 மில்லிமீட்டர். முறுக்குவிசையைப் பூஜ்யமாக்கும் 1.8 டிகிரி என்பது அந்த விளிம்பில் 0.094 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன் அளவு காந்தம் ஷாஃப்டின் மேல் நழுவினால் போதும், நேற்றுவரை ஒழுங்காக ஓடிய இயந்திரம் இன்று ஓடாது. அதில் பாதி நழுவினாலும் விசையில் 30 சதவீதம் போய்விடும். சில நாள் ஓடிவிட்டுத் திணறும் மோட்டார்களைத் திறந்தால், காந்தத்தை விரல் நகத்தால் மெல்லத் திருப்பிப் பார்ப்பதுதான் முதல் சோதனை. சூப்பர் க்ளூ வகைப் பசைகள் 80 டிகிரி செல்சியஸ் நெருங்கும்போது பிடிப்பை இழக்கத் தொடங்கும். மூடிய பெட்டிக்குள் முழு மின்னோட்டத்தில் நிற்கும் ஸ்டெப்பர் அந்த வெப்பத்தைத் தொடுவது அரிதல்ல. ஷாஃப்டின் முனையைச் சுரண்டி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, இரண்டு குழாய்ப் பிசினைக் கலந்து ஒட்டும் அரால்டைட் போன்ற எப்பாக்ஸியால் ஒட்டி, ஒரு நாள் முழுக்க இறுகவிடுவது பாதுகாப்பு. பசை இறுகும் முன்பே காலிப்ரேட் செய்துவிட்டு, இறுகும்போது காந்தம் நகர்ந்துவிட்டதால் வந்த கோளாறை ஃபர்ம்வேரில் தேடுவது வீண் அலைச்சல்.

சாதாரண நியோடைமியம் காந்தத்தின் எல்லையும் ஏறத்தாழ 80 டிகிரிதான் என்பதால், மோட்டார் மின்னோட்டத்தைத் தேவைக்கு மேல் வைக்காமல் இருப்பது பசைக்கும் காந்தத்துக்கும் சேர்த்தே நல்லது.

உராய்வு

எல்லாக் கையேடுகளும் சொல்லும் ஒன்றை மிகச் சிலரே கேட்கிறார்கள்: காலிப்ரேஷன் நடக்கும்போது ஷாஃப்டில் சுமை இருக்கக் கூடாது. இயந்திரத்தில் மாட்டிய மோட்டாரைக் கழற்றுவது சிரமம். பெல்ட்டும் புல்லியும் அப்படியே இருக்க ஒரு சுற்று சுற்றினால் என்ன என்று தோன்றும். தேறியும் விடுகிறது. ஆனால் தேறிய அட்டவணை என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

ஸ்டெப்பர் படியில் நிற்கும்போது, சுமை அதை இழுத்தால் ரோட்டர் காந்தப்புலத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி நிற்கும். உராய்வு, மோட்டாரின் நிறுத்து விசையில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் பின்தங்கல் மின்கோணத்தில் 20 டிகிரிக்குச் சற்று குறைவு, ஷாஃப்டில் 0.4 டிகிரி. ஒரே திசையில் 200 படியும் எடுத்தால் ஒவ்வொன்றும் அதே அளவு தவறு. அட்டவணை முழுவதும் 0.4 டிகிரி நகர்ந்து நிற்கும். வித்தியாசங்களைப் பார்த்தாலும் தெரியாது, எல்லாம் 82 என்றே வரும்.

நிற்கும்போது இதனால் இழப்பு 6 சதவீதம்தான். ஓடும்போதுதான் வெளிவரும். நிமிடத்துக்கு 600 சுற்றில் மின்கோணம் நொடிக்கு 500 முழு அலை. கட்டுப்பாட்டு நிரல் நொடிக்கு 5000 முறை ஓடுகிறது என்றால், ஒரு முறைக்கு ஆகும் 200 மைக்ரோநொடி தாமதத்துக்குள் ரோட்டர் மின்கோணத்தில் 36 டிகிரி தாண்டிப் போய்விடும். அட்டவணையின் 20 டிகிரி பிழை, காலிப்ரேஷன் நடந்த திசையில் ஓடும்போது இந்தத் தாமதத்தை ஈடுகட்டி நிகரப் பிழையை 16 ஆக்கும். எதிர்த்திசையில் அதோடு சேர்ந்து 56 ஆக்கும். முதலாவதில் 96 சதவீத முறுக்குவிசை, இரண்டாவதில் 56 சதவீதம். காயிலின் இண்டக்டன்ஸால் வரும் பின்னடைவு இதில் சேராது. ஒரு திசையில் வேகமாகப் போகிறது, திரும்பும்போது படி விடுகிறது என்ற முறையீட்டைக் கேட்டால் நான் முதலில் கேட்கும் கேள்வி, பெல்ட்டைக் கழற்றிவிட்டா காலிப்ரேட் செய்தீர்கள் என்பது.

உராய்வு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. போர்டை மாட்டுவதற்காக மோட்டாரின் நான்கு நீளத் திருகுகளைக் கழற்றி, இன்னும் நீளமானவற்றைப் போடுகிறோம். நான்கையும் ஒரே நேரத்தில் எடுத்தால் பின்மூடி இடம் மாறும். ஹைப்ரிட் ஸ்டெப்பரில் ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கு அளவுதான். மூடி கோணலாக இறுகினால் ஒரு பக்கம் உரசும். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் போட்டு, எதிரெதிர் மூலைகளைச் சிறிது சிறிதாக இறுக்கினால் இந்தத் தொல்லை வராது.

இதற்கு ஃபர்ம்வேர் செய்யக்கூடியது, முன்னோக்கி ஒரு சுற்றும் பின்னோக்கி ஒரு சுற்றும் எடுத்துச் சராசரி காண்பது. உராய்வு இரண்டு பக்கமும் எதிரெதிராகத் தள்ளுவதால் பெருமளவு அடிபட்டுப் போகும். அதைவிட மதிப்புள்ளது, இரண்டு சுற்றுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மறைக்காமல் அச்சிடுவது. பிரிட்டனின் டூயட் 3டி நிறுவனம் தரும் 1எச்.சி.எல். போர்டு இதைச் செய்கிறது. அடிப்படைச் சரிசெய்தல் முடிந்ததும் பின்னடிப்பு, அதாவது இரு திசைகளுக்கும் உள்ள அந்த இடைவெளி, ஒரு படியில் எத்தனை பங்கு என்று எண்ணாகச் சொல்கிறது. அந்த ஓர் எண்ணைப் பார்த்தே பெல்ட் இறுக்கமா, பேரிங் போய்விட்டதா என்று ஊகிக்கலாம்.

தேறிய பிறகும்

அட்டவணை சரியா என்று காலிப்ரேஷனுக்குப் பிறகு சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. முறுக்குவிசைக் கட்டுப்பாட்டு முறை உள்ள போர்டில் மிகச் சிறிய நிலையான விசை ஒன்றைக் கொடுத்து, ஷாஃப்டை அதற்கு எதிராகக் கையால் மெல்லத் திருப்ப வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே இழுப்பு இருந்தால் அட்டவணை நன்று. இழுப்பு ஏறி இறங்கினால் ஒரு சுற்றுக்கு எத்தனை முறை என்று எண்ணினால் குற்றவாளி யார் என்று தெரியும். ஒன்றோ இரண்டோ என்றால் காந்தத்தின் மையப் பிழை அட்டவணையில் சரியாக ஏறவில்லை. 50 என்றால் மின்னோட்ட அளவீட்டில் பூஜ்யம் நகர்ந்திருக்கிறது. 100 என்றால் இரண்டு காயில்களுக்கும் போகும் மின்னோட்டம் சமமில்லை. 200 என்றால் அது மோட்டாரின் இயல்பான பல்விசை. மின்சாரம் இல்லாதபோதும் விரலுக்குத் தெரியும் அந்தச் சிறு தடக்குகள்தான், அதைச் சரிசெய்யப் போக வேண்டாம். இந்தச் சோதனையில் தேறிய மோட்டார் அதன் பிறகும் இரைந்தால், ஆடினால், அப்போது பி.ஐ.டி. எண்களைத் தொடலாம். இந்த வரிசையை மாற்றிச் செய்வதால்தான் பலருடைய வாரங்கள் வீணாகின்றன.

ஆப்டிகல் என்கோடர் வைத்த தொழிற்சாலை வகைகளுக்கு இந்த அட்டவணைத் தொல்லை இல்லை. 1000 கோடுகள் உள்ள தட்டு ஒரு சுற்றுக்கு 4000 எண்ணிக்கை தருகிறது, ஒரு படிக்கு 20; நேரியல்பில் அது காந்தத்தை மிஞ்சும். விலை இருக்கட்டும், அதற்கென்று வேறொரு பலவீனம் உண்டு. அந்த என்கோடர் எவ்வளவு நகர்ந்தது என்று மட்டுமே அறியும், எங்கே நிற்கிறது என்று அறியாது. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் மோட்டாரை ஒரு படியில் இழுத்து நிறுத்தி, அதையே தொடக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் அச்சு ஒரு முனையில் முட்டிக்கொண்டு இருந்தாலோ, கீழே இழுக்கும் எடை தொங்கினாலோ, அன்றைய ஓட்டம் முழுவதும் பிழையான கோணத்தோடுதான் நடக்கும். காந்தப் போர்டில் ஒருமுறை நன்றாகச் செய்த காலிப்ரேஷன் மின்சாரம் போனாலும் அழியாது. செங்குத்து அச்சுகளுக்கு நான் காந்த வகையையே தேர்ந்தெடுப்பேன்.

இத்தனை வகைத் தோல்விகளையும் சில சொற்களுக்குள் அடக்கும் திரைகள்மீதுதான் என் குறை. ரிவர்ஸ் லுக்கப் பிழை என்று ஒரு போர்டு காட்டும்போது பயனர் அறிவது, அட்டவணையைத் திருப்பி எழுத முடியவில்லை என்பது மட்டுமே. எந்தப் படியில், எந்த வித்தியாசம் எல்லை மீறியது என்பது சில்லுக்குள் ஏற்கனவே இருக்கிறது. 200 எண்களைத் தொடர் இணைப்பில் அனுப்ப ஒரு நொடிகூட ஆகாது. மெக்காடுவினோவின் முதல் நிரல்களில் அட்டவணை முழுவதும் திரையில் கொட்டியது. அதை வெட்டி நிரலில் ஒட்ட வேண்டியிருந்தது. சிரமமான வேலைதான். ஆனால் அதை ஒட்டியவர் ஒவ்வொருவரும் தம் மோட்டாரின் எண்களை ஒருமுறையாவது பார்த்தார்கள். இப்போதைய வசதியோடு அதையும் வைத்துக்கொள்ளத் தடை ஏதும் இல்லை: படிகளின் ஆகக் குறைந்த வித்தியாசம், ஆகக் கூடிய வித்தியாசம், மொத்தக் கூட்டு, இரு திசைகளின் இடைவெளி, காந்தப்புலத்தின் அளவு. இந்த ஐந்து எண்களும் கட்டைவிரல் அகலத் திரையில்கூட அடங்கும்.